கிட்டார் வாசிக்கத் தெரியாது.. ஆனால் கிட்டார் சத்தத்தையே மாற்றினார்! யார் இந்த லியோ ஃபெண்டர்? ட்யூப் ஆம்ப் வாங்குவோருக்கு அவர் வாழ்க்கை சொல்வது என்ன?

மேடையில் எலக்ட்ரிக் கிட்டார் வாசிப்பவரைப் பார்த்திருப்பீர்கள். அவருக்குப் பின்னால் ஒரு பெட்டி இருக்கும், அதைப் பலரும் கவனிப்பதில்லை. ஆனால் நம் காதில் விழும் சத்தத்தில் பாதி அந்தப் பெட்டியின் வேலைதான். அதுதான் ஆம்ப்ளிபயர், சுருக்கமாக ஆம்ப்.

பளிச்சென்று, கரகரப்பே இல்லாமல் மணி அடித்த மாதிரி வரும் கிட்டார் ஒலியை இசைக்கலைஞர்கள் 'க்ளீன் டோன்' என்கிறார்கள். இந்த ஒலி என்றதும் உலகம் முழுக்க முதலில் நினைவுக்கு வரும் பெயர் ஃபெண்டர். அந்தப் பெயருக்குச் சொந்தக்காரர் லியோ ஃபெண்டர். அவருக்குக் கடைசி வரை கிட்டார் வாசிக்கத் தெரியாது. எலக்ட்ரானிக்ஸ் படித்ததும் இல்லை. அவர் படித்தது கணக்குப்பதிவியல்!

குறைந்த பட்ஜெட்டில் கச்சேரிக்கு ஒரு ட்யூப் ஆம்ப் தேடுபவர்கள் இன்றைக்குப் பார்க்கும் மாடல்களில் பெரும்பாலானவை அவர் போட்ட பாதையில் வந்தவைதான். யார் இவர்? என்ன செய்தார்? அதிலிருந்து நாம் எடுத்துக்கொள்ள என்ன இருக்கிறது? விரிவாகப் பார்க்கலாம்.

ஆரஞ்சுத் தோட்டத்தில் பிறந்தவர்

கிளாரன்ஸ் லியோனிடாஸ் ஃபெண்டர் என்பது முழுப்பெயர். 1909 ஆகஸ்ட் 10-ம் தேதி அமெரிக்காவின் கலிபோர்னியா மாகாணத்தில், அனாஹெய்ம் - ஃபுல்லர்டன் பகுதியில் பிறந்தார். பெற்றோர் ஆரஞ்சுத் தோட்டம் வைத்திருந்த விவசாயிகள்.

எட்டு வயதில் இடது கண்ணில் கட்டி வந்தது. கண்ணையே எடுக்க வேண்டியதாகி, கண்ணாடிக் கண் பொருத்தினார்கள். பிற்காலத்தில் இரண்டாம் உலகப்போர் வந்தபோது அவர் ராணுவத்துக்கு அழைக்கப்படாமல் போனதற்கும் இதுவே காரணம்.

வண்டிகளுக்கு எலக்ட்ரிக்கல் வேலை செய்யும் கடை வைத்திருந்த மாமா ஒருவர், சிறுவன் லியோவுக்கு ஒரு பெட்டி நிறைய ரேடியோ பாகங்களை அனுப்பி வைத்தார். மாமா கடைக்குப் போனபோது, அவர் தன் கையால் செய்த ரேடியோ சத்தமாகப் பாடிக்கொண்டிருந்தது. அவ்வளவுதான், லியோவுக்கு ரேடியோ பைத்தியம் பிடித்துவிட்டது. பள்ளிக்கூட நாட்களிலேயே வீட்டில் ரேடியோ ரிப்பேர் பார்க்க ஆரம்பித்துவிட்டார்.

பியானோவும் சாக்ஸபோனும் கொஞ்சம் கற்றுக்கொண்டார். கிட்டார் பக்கம் மட்டும் போகவே இல்லை.

வேலை போனது.. கடை பிறந்தது

கல்லூரியில் கணக்குப்பதிவியல் முடித்ததும், ஐஸ் கம்பெனி ஒன்றில் சரக்கு கொண்டு போய்க் கொடுக்கும் வேலை. பிறகு அங்கேயே கணக்கு எழுதும் வேலை. அந்த நேரத்தில் உள்ளூர் நடன இசைக்குழு ஒன்று, தங்கள் நிகழ்ச்சிகளுக்கு மைக் செட் செய்து தரும்படி அவரிடம் கேட்டது. லியோ ஆறு செட் செய்து கொடுத்தார். மேடைச் சத்தத்தோடு அவருக்கு ஏற்பட்ட முதல் பழக்கம் இதுதான்.

1934-ல் எஸ்தர் என்பவரைத் திருமணம் செய்துகொண்டார். கலிபோர்னியா நெடுஞ்சாலைத் துறையில் கணக்காளர் வேலை கிடைத்தது. ஆனால் அது பொருளாதாரப் பெருமந்தக் காலம். அந்த வேலை போனது. அடுத்து டயர் கம்பெனியில் சேர்ந்தார், ஆறே மாதத்தில் அதுவும் போனது.

வேலை இல்லாத நிலையில் 1938-ல் 600 டாலர் கடன் வாங்கி, சொந்த ஊரான ஃபுல்லர்டனில் ஒரு கடை திறந்தார். பெயர் 'ஃபெண்டர் ரேடியோ சர்வீஸ்'. ரேடியோ, ரெக்கார்ட் பிளேயர், ஆம்ப்ளிபயர் எது பழுதானாலும் அங்கே கொண்டு வந்தார்கள். நம்ம ஊரில் ஒரு காலத்தில் தெருவுக்குத் தெரு இருந்த ரேடியோ ரிப்பேர் கடை மாதிரிதான்.

பின்னால் நடந்த அத்தனைக்கும் அடித்தளம் இந்த ரிப்பேர் மேஜைதான். எந்தக் கம்பெனி ஆம்ப் எங்கே உடைகிறது, எந்தப் பாகம் சூட்டில் கருகுகிறது, எதைக் கழற்றி மாட்டுவது கஷ்டம் என்பதையெல்லாம் அவர் தினமும் கையில் எடுத்துப் பார்த்தார்.

அதென்ன 'ட்யூப்'?

பழைய வால்வு ரேடியோ ஞாபகம் இருக்கிறதா? ஆன் செய்தால் உடனே பாடாது. உள்ளே கண்ணாடிக் குழல்கள் மெல்லச் சிவந்து சூடான பிறகுதான் பாடும். அந்த வால்வுதான் ட்யூப்.

சிம்பிளா சொன்னா, காற்று நீக்கப்பட்ட கண்ணாடிக் குழலுக்குள் ஒரு பகுதி சூடாகி எலக்ட்ரான்களை வெளியே தள்ளும். எதிரே உள்ள தகடு அவற்றை இழுக்கும். நடுவில் ஒரு சின்னக் கம்பி வலை. கிட்டாரிலிருந்து வரும் மிகச் சிறிய மின்சாரத்தை அந்த வலையில் கொடுத்தால், அது ஒரு குழாயைத் திறந்து மூடுவதைப் போலப் பெரிய மின்னோட்டத்தைக் கட்டுப்படுத்தும். சின்ன சிக்னல் பெரிதாவது இப்படித்தான்.

ஒவ்வொரு ட்யூபுக்கும் ஒரு எல்லை உண்டு. அதைத் தாண்டி சிக்னல் வந்தால் ஒலி அலையின் மேல்பகுதியும் கீழ்பகுதியும் வெட்டுப்படும். அப்போது வருவதுதான் கரகரப்பு, அதாவது 'டிஸ்டார்ஷன்'. அந்த எல்லையைத் தொடாமல் எவ்வளவு சத்தமாக வாசிக்க முடியும் என்பதை 'ஹெட்ரூம்' என்கிறார்கள். க்ளீன் டோன் வேண்டுமென்றால் பார்க்க வேண்டிய முதல் விஷயம் இதுதான்.

கேட்கவில்லை என்றால் சம்பளம் இல்லை

1940-களில் தென் கலிபோர்னியாவில் வெஸ்டர்ன் ஸ்விங் நடன நிகழ்ச்சிகளுக்கு நல்ல கூட்டம். பெரிய ஹால், ஆடும் ஜனம், டிரம்ஸ், ஃபிடில் எல்லாம் சேர்ந்தால் கிட்டார் சத்தம் காணாமல் போய்விடும். இருந்த ஆம்ப்களோ சத்தம் கூட்டினால் கரகரத்தன, அடிக்கடி பழுதாகின. வாசிப்பது கேட்கவில்லை என்றால் அந்தக் கலைஞருக்கு அடுத்த வாரம் வேலை இருக்காது. ஆக, லியோவின் கடைக்கு வந்தவர்களுக்கு க்ளீன் டோன் என்பது வயிற்றுப் பிழைப்பு.

டாக் காஃப்மன் என்பவருடன் சேர்ந்து 'கே அண்ட் எஃப்' என்ற சிறு நிறுவனத்தைத் தொடங்கினார் லியோ. மடியில் வைத்து வாசிக்கும் ஸ்டீல் கிட்டாரையும் அதற்கான ஆம்பையும் சேர்த்து 1945-ல் விற்றார்கள். தொழிலைப் பெரிதாக்க காஃப்மனுக்குத் தயக்கம். அவர் விலகிக்கொள்ள, 1946-ல் 'ஃபெண்டர் எலக்ட்ரிக் இன்ஸ்ட்ருமென்ட் கம்பெனி' பிறந்தது.

முதலில் வந்தவை மரப்பெட்டி ஆம்ப்கள். பிரின்ஸ்டன், டீலக்ஸ், ப்ரொஃபெஷனல் என்று மூன்று அளவு. இதில் முதல் இரண்டு பெயர்கள் இன்றும் கடைகளில் இருக்கின்றன.

லியோவின் சர்க்யூட்கள் வானத்திலிருந்து குதித்தவை அல்ல. ட்யூப் தயாரித்த நிறுவனங்களே வெளியிட்ட கையேடுகளில் அடிப்படை சர்க்யூட்கள் இருந்தன. லியோ அவற்றை எடுத்து மேடைக்கு ஏற்ற மாதிரி மாற்றினார். புதிய ஆம்ப் செய்ததும் உள்ளூர்க் கலைஞர்களிடம் கொடுத்து வாசிக்கச் சொல்வார். குறை சொன்னால் திரும்ப வாங்கி மாற்றுவார். தனக்கு வாசிக்கத் தெரியாததால், வாசிக்கிறவர் காதைத்தான் நம்பினார்.

ரிப்பேர்க்காரரின் பார்வை அந்தப் பெட்டிகளிலேயே தெரிந்தது. பாகங்கள் ஒரு போர்டில் வரிசையாக, கை நுழைகிற இடைவெளியோடு இருந்தன. எந்த இடத்தில் எந்த ட்யூப் என்ற விவரம் பெட்டிக்கு உள்ளேயே ஒட்டப்பட்டிருந்தது. எந்த ஊரில் பழுதானாலும் அந்த ஊர் ரேடியோ மெக்கானிக்கே சரிசெய்ய முடிந்தது.

பொற்காலம்: 1950 முதல் 1964 வரை

டெலிகாஸ்டர் என்று இன்று அழைக்கப்படும் கிட்டாரின் முதல் வடிவம் 1950-ல் வந்தது. 1951-ல் எலக்ட்ரிக் பேஸ் கிட்டாரான பிரிசிஷன் பேஸ், 1954-ல் ஸ்ட்ராட்டோகாஸ்டர். இவை உலகப் புகழ் பெற்றன.

அதே வேகத்தில் ஆம்ப்களும் வளர்ந்தன. 1952-ல் இரண்டு 12 அங்குல ஸ்பீக்கர்களோடு 'ட்வின்' வந்தது. பேஸ் கிட்டாருக்காகச் செய்த 'பேஸ்மேன்', 1950-களின் நடுப்பகுதியில் நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களோடு வந்தபோது கிட்டார்காரர்களே அதைத் தூக்கிக்கொண்டு போனார்கள்.

சத்தம் இன்னும் வேண்டும் என்று லியோவை விரட்டியவர் சர்ஃப் இசைக் கலைஞர் டிக் டேல். ஆம்ப்களும் ஸ்பீக்கர்களும் அவரிடம் தாக்குப்பிடிக்கவில்லை. வொர்க்‌ஷாப்பில் நன்றாக இருந்த ஆம்ப் எப்படிப் பழுதாகிறது என்று லியோவுக்குப் புரியவில்லை. டேலின் நிகழ்ச்சிக்கு நேரில் போய் ஜனக்கூட்டத்துக்கு நடுவில் நின்று கேட்ட பிறகுதான் காரணம் புரிந்தது என்பது டேல் பிற்காலத்தில் சொல்லி வந்த கதை. அதன்பிறகு பெரிய டிரான்ஸ்பார்மர், 15 அங்குல ஸ்பீக்கர் என்று 'ஷோமேன்' வரிசை ஆம்ப்கள் வந்தன.

1963-ல் ட்வின் ரிவெர்ப், டீலக்ஸ் ரிவெர்ப் இரண்டும் வந்தன. பெரிய மண்டபத்தில் வாசிப்பது போன்ற எதிரொலியை ஸ்பிரிங் மூலம் தரும் வசதிதான் ரிவெர்ப். ட்வின் சுமார் 85 வாட்ஸ், டீலக்ஸ் சுமார் 22 வாட்ஸ். அடுத்து வந்த பிரின்ஸ்டன் ரிவெர்ப் சுமார் 12 வாட்ஸ். க்ளீன் டோனுக்கு இன்றைக்கும் அளவுகோலாகச் சொல்லப்படுபவை இந்த மூன்றும்தான்.

லியோ விரும்பாதது ஹிட் ஆன கதை

லியோ வாழ்நாள் முழுக்கத் தேடியது சுத்தமான ஒலியை. ஆனால் இளைஞர்கள் அவருடைய ஆம்பை முழு வால்யூமில் வைத்து, வேண்டுமென்றே கரகரக்க வைத்தார்கள். குறை என்று அவர் ஒதுக்க நினைத்தது ராக் இசையின் அடையாளமாகிப் போனது.

பிரிட்டனில் ஃபெண்டர் ஆம்ப் இறக்குமதி விலை பலருக்கும் கட்டுப்படியாகவில்லை. லண்டனில் இசைக்கருவிக் கடை வைத்திருந்த ஜிம் மார்ஷலும் அவருடைய ஆட்களும் 1962-ல் பேஸ்மேன் சர்க்யூட்டை அடிப்படையாக வைத்து, உள்ளூரில் கிடைத்த பாகங்களைக் கொண்டு ஒரு ஆம்ப் செய்தார்கள். மார்ஷல் என்ற இன்னொரு பெரிய பெயர் அப்படித்தான் பிறந்தது. விலை குறைவாக ஒரு ஆம்ப் வேண்டும் என்ற தேவை உலக இசையையே திருப்பிப் போட்டது!

செத்துவிடுவோம் என்று விற்றார்.. ஆனால்?

1950-களிலிருந்தே லியோவுக்குத் தீராத தொற்று நோய் இருந்தது. உடல் மிகவும் மோசமாகி, இனி பிழைக்க மாட்டோம் என்று நினைத்தார். 1965 ஜனவரியில் நிறுவனத்தை சிபிஎஸ் நிறுவனத்துக்கு 1.3 கோடி டாலருக்கு விற்றார். 600 டாலர் கடனில் தொடங்கிய கடை அது.

விற்ற பிறகு வேறு மருத்துவரிடம் போனார். நோய் குணமானது. ஆனால் தன் பெயர் தாங்கிய கம்பெனி கையை விட்டுப் போயிருந்தது. போட்டித் தொழில் செய்யக் கூடாது என்ற ஒப்பந்தமும் இருந்தது.

சிபிஎஸ் நிர்வாகம் 1966-ல் டிரான்சிஸ்டர் ஆம்ப்களைக் கொண்டு வந்தது. அவை எடுபடவில்லை, சில ஆண்டுகளிலேயே நிறுத்தப்பட்டன. தரம் குறைந்துவிட்டது என்ற பேச்சு பரவ, லியோ காலத்துப் பழைய ஆம்ப்களைக் கலைஞர்கள் தேடிப் போக ஆரம்பித்தார்கள். கடைசியில் 1985-ல் ஊழியர்களும் முதலீட்டாளர்களும் சேர்ந்து நிறுவனத்தை மீட்டெடுத்தார்கள்.

லியோ சும்மா இருக்கவில்லை. 1970-களில் 'மியூசிக் மேன்' நிறுவனத்தில் இயங்கினார். 1979-ல் மனைவி எஸ்தர் புற்றுநோயால் காலமானார். அந்தக் காலகட்டத்தில்தான் பழைய நண்பர் ஜார்ஜ் ஃபுல்லர்டனோடு 'ஜி அண்ட் எல்' நிறுவனத்தைத் தொடங்கினார். பார்கின்சன் நோய் வந்தும் வேலையை விடவில்லை. 1991 மார்ச் 21-ம் தேதி, 81 வயதில் காலமானார். அடுத்த ஆண்டே ராக் அண்ட் ரோல் ஹால் ஆஃப் ஃபேமில் அவர் பெயர் சேர்க்கப்பட்டது.

சரி, இன்றைக்கு ஆம்ப் வாங்குபவர் என்ன பார்க்க வேண்டும்?

லியோ தன் ஆம்பைச் சோதித்தது வாசிக்கப்போகும் இடத்தில், வாசிக்கும் ஆளை வைத்து. வாங்கும்போது நாமும் அங்கிருந்துதான் தொடங்க வேண்டும்.

ஒரு உதாரணத்துக்கு, திருப்பத்தூர் மாவட்டத்தில் ஜவ்வாது மலை மேல் இருக்கும் நெல்லிவாசல்நாட்டில் ஒரு திருவிழாக் கச்சேரி என்று வைத்துக்கொள்வோம். திறந்தவெளி, ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் கிடையாது. ஜெனரேட்டர் கரண்ட். எல்லாப் பொருளையும் வண்டியில் மலை ஏற்ற வேண்டும். இங்கே எந்த ஆம்ப் சரி?

1. வாட்ஸ் கணக்கில் ஏமாற வேண்டாம்: காதுக்குச் சத்தம் இரண்டு மடங்காகத் தெரிய, பவர் சுமார் பத்து மடங்கு ஆக வேண்டும். 22 வாட்ஸிலிருந்து 85 வாட்ஸுக்குப் போனால் கூடுவது சுமார் 6 டெசிபல்தான். திறந்தவெளியில் தூரம் இரண்டு மடங்கானால் குறைவதும் அதே 6 டெசிபல். அதாவது, மேடை ஆம்பை மட்டும் வைத்து மைதானத்தை நிரப்பப் பார்ப்பது வீண் செலவு.

2. மைக் செட் இருக்கிறதா?: இருந்தால், ஆம்ப் முன்னால் ஒரு மைக் வைத்தால் போதும், மைதானத்துக்கு மைக் செட் பார்த்துக்கொள்ளும். அப்போது 12 முதல் 22 வாட்ஸ் ட்யூப் ஆம்பே தாராளம். மைக் இல்லாமல் டிரம்ஸோடு க்ளீனாக வாசிக்க வேண்டும் என்றால் சுமார் 40 வாட்ஸ் தேவைப்படும்.

3. ஸ்பீக்கரைப் பாருங்க: ஸ்பீக்கரின் சென்சிடிவிட்டி 3 டெசிபல் கூடினால், ஆம்பின் பவரை இரட்டிப்பாக்கிய பலன் கிடைக்கும். இருக்கும் ஆம்பில் நல்ல ஸ்பீக்கர் மாற்றுவது பல நேரம் புது ஆம்பை விட மலிவு.

4. எடை: ட்வின் ரிவெர்ப் சுமார் 29 கிலோ. டீலக்ஸ் சுமார் 19 கிலோ. மலை ஏற்றி இறக்கும்போது இந்த 10 கிலோ வித்தியாசம் தெரியும்.

5. ட்யூப் செலவு: பவர் ட்யூப்கள் தேய்பவை, அவ்வப்போது மாற்ற வேண்டும். ட்வினில் நான்கு, டீலக்ஸில் இரண்டு. வாங்கும் விலையோடு இதையும் கணக்கில் சேருங்க. உங்க ஊர்ப் பக்கம் ட்யூப் ஆம்ப் ரிப்பேர் பார்க்கத் தெரிந்தவர் இருக்கிறாரா என்றும் விசாரிச்சுக்கோங்க.

6. வோல்டேஜ்: அமெரிக்காவிலிருந்து வரும் செகண்ட் ஹேண்ட் ஆம்ப் 120 வோல்ட்டில் ஓடுவதாக இருக்கலாம். நம்ம ஊர் 230 வோல்ட்டில் நேரடியாகச் செருகினால் கருகிவிடும். பின்பக்கம் எழுதியிருப்பதைப் படித்துவிட்டு வாங்குங்க. ஜெனரேட்டரில் வாசிப்பவர்கள் நல்ல ஸ்டெபிலைசரும் வைத்துக்கொள்வது நல்லது.

உயிர் விஷயம்.. இதில் மட்டும் விளையாட வேண்டாம்

ட்யூப் ஆம்புக்குள் 400 வோல்ட்டுக்கு மேல் ஓடும். ப்ளக்கைப் பிடுங்கிய பிறகும் உள்ளே இருக்கும் கெபாசிட்டர்களில் மின்சாரம் தங்கியிருக்கும். பயிற்சி இல்லாதவர்கள் திறக்கவே கூடாது.

எர்த் இல்லாத பழைய இரண்டு பின் ப்ளக் இருந்தால், மூன்று பின்னுக்கு மாற்றிய பிறகே பயன்படுத்த வேண்டும். மூன்று பின் ப்ளக்கில் எர்த் பின்னை உடைத்துவிட்டு மாட்டுவதும் ஆபத்து. கிட்டார் கம்பியில் ஒரு கை, மைக்கில் ஒரு கை என்று இருக்கும்போது எர்த் சரியில்லை என்றால் மின்சாரம் உடல் வழியே பாயும். 'ஸ்டோன் தி க்ரோஸ்' குழுவின் கிட்டார் கலைஞர் லெஸ் ஹார்வி 1972-ல் பிரிட்டனின் ஸ்வான்சீ நகரில் மேடையிலேயே மின்சாரம் தாக்கி இறந்தார். ஜெனரேட்டரில் எர்த் அடித்திருக்கிறதா என்று மேடை ஏறும் முன் கேட்பதில் கூச்சமே வேண்டாம்.

இன்னொன்று, ஸ்பீக்கர் வயர் மாட்டாமல் ட்யூப் ஆம்பை ஆன் செய்து வாசிக்கக் கூடாது. அவுட்புட் டிரான்ஸ்பார்மர் போய்விட வாய்ப்பு உண்டு. ஆம்பிலேயே விலை அதிகமான பாகங்களில் அதுவும் ஒன்று.

ட்யூப் கட்டாயமா?

க்ளீன் டோன் மட்டும்தான் தேவை என்றால், கட்டாயமில்லை. ட்யூபின் தனிச் சுவை அதிகம் தெரிவது, ஒலி லேசாகக் கரகரக்கத் தொடங்கும் எல்லையில்தான். அந்த எல்லைக்கே போகாமல் வாசிப்பவருக்கு 1975-ல் வந்த ரோலண்ட் ஜாஸ் கோரஸ் மாதிரியான டிரான்சிஸ்டர் ஆம்ப்களும் போதும். க்ளீன் ஒலிக்கு அவையும் பேர் போனவை. ஃபெண்டர் நிறுவனமே 2019 முதல் டிஜிட்டலில் ட்வின், டீலக்ஸ் ஒலியைத் தரும் எடை குறைந்த ஆம்ப்களை விற்கிறது.

ஆனால் மெதுவாகத் தொட்டால் சுத்தமாகவும், அழுத்தித் தொட்டால் லேசாக உறுமியும் விரலுக்குப் பதில் சொல்லும் ஒலி வேண்டும் என்பவர்கள் இன்றும் ட்யூபைத் தேடுகிறார்கள். அவர்கள் பெரிதாக ஒன்றை வாங்கி வீட்டில் வைப்பதை விட, சின்னதாக, உள்ளூரில் ரிப்பேர் செய்யக்கூடிய ஒன்றை வாங்கி மேடைக்குக் கொண்டு போவது நல்லது. 1963-ல் செய்த டீலக்ஸ் ரிவெர்ப்கள் 60 ஆண்டுகள் தாண்டியும் மேடையில் பாடிக்கொண்டிருக்கின்றன. பழுதானால் திறந்து சரிசெய்ய முடிகிற மாதிரி ஒரு ரிப்பேர்க்காரர் அவற்றைச் செய்து வைத்ததால்தான் அது முடிகிறது.